அத்தை திறந்த ஜன்னல்

வீடு என்றால் நான்கு சுவர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்களிடம் இருக்கும் ஒரு வீட்டுக்கு நான்கு சுவரோடு நான்கு சக்கரங்களும் உண்டு. இங்கிலாந்தில் இதற்கு ‘மோட்டார் ஹோம்' என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வேன். உள்ளே ஏறினால் குடித்தனம். இரண்டு கண் காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை, பகலில் சோபாவாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் ஆசனங்கள், தலைக்கு மேலே அலமாரிகள். கல்யாண வீட்டுக் கட்டுச்சாதக் கூடை மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் அடங்கியிருக்கும்.

மான்செஸ்டரில் எங்கள் வீட்டு வாசலுக்கு இந்த வண்டி 2021ல் வந்தது. புதிது அல்ல. “பழசுதான்; ஆனால் எஞ்சின் தங்கம்!” என்றார் விற்றவர். எஞ்சின் தங்கம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் வண்டிக்கு அடியில் இருந்த ஒரு மீட்டர் நீளக் குழாய் தகரமாகக்கூட மிஞ்சவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. குனிந்து பார்த்தால் அல்லவா தெரியும்? நாங்களும் குனியவில்லை.

அந்தக் குழாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. “பெண்பிள்ளைக்குக் குழாயைப் பற்றி என்ன பேச்சு?” என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். வீட்டில் குழாய் ஒழுகினால் முதலில் நனைவது யார் புடவை என்று உங்களுக்குத் தெரியும்.

2023ஆம் வருஷம் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருந்தார். அத்தைக்கு எழுபத்துநான்கு வயது. கண்ணும் காதும் நன்றாக வேலை செய்கின்றன. மூக்கோ என்னுடையதைவிடக் கூர்மை. அடுத்த தெருவில் ரசம் கொதித்தால் பெருங்காயம் போதவில்லை என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார்.

வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “திருவாரூர்த் தேர்கூட நிலைக்குத் திரும்பி வந்துதான் நிற்கும். உங்க வீடு போன இடத்திலேயே படுத்துக்குமா?” என்று கேட்டார்.

“ஆமாம் பாட்டி!” என்று குதித்தாள் என் பெண்.

அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை. நூறு மைலுக்கு மேல் வடக்கே, ஏரிகளும் மலைகளும் நிறைந்த பிரதேசத்தில் கெஸ்விக் என்ற சின்ன ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டியே டெர்வென்ட்வாட்டர் ஏரி. வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கென்று ஏற்பட்ட மைதானம் ஒன்றில் இடம் பிடித்தோம். ஏரியைப் பார்த்ததும் அத்தை, “மகாமகக் குளத்தைத் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு” என்றார். அதற்கு மேல் புகழ்ச்சி அவரிடம் கிடையாது.

ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. குளிர் எலும்பைத் தொட்டது. இவர் ஒரு திருகைத் திருப்பினார். ‘டிக்... டிக்...' என்று எங்கோ சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வீசியது.

இந்த ஹீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே நடந்தது புரியாது. அது ஒரு சின்ன டீசல் அடுப்பு. வண்டியின் டாங்கியிலிருந்தே சொட்டுச் சொட்டாக டீசலை இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் ‘டிக் டிக்'. எரிவதற்கு வேண்டிய காற்றை வண்டிக்கு வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, எரிந்த புகையைத் தரைக்குக் கீழே உள்ள ஒரு குழாய் வழியாக வெளியிலேயே விட்டுவிடும். நாம் சுவாசிக்கும் காற்று வேறு வழியில் வந்து சூடாகிப் போகும். அடுப்பில் குழம்புச் சட்டி வைக்கிறோம். நெருப்பு சட்டியைத்தான் தொடுகிறது, குழம்பைத் தொடுவதில்லை. சூடு மட்டும் உள்ளே போகிறது. அதே கணக்குத்தான். சட்டியில் ஓட்டை விழாதவரையில் கவலை இல்லை.

அந்த அடுப்பு இருந்த பெட்டிக்கு மேலேதான் அத்தையின் கட்டில். ‘வயசானவர், கதகதப்பாகத் தூங்கட்டும்' என்று நானே தேடிக் கொடுத்த இடம் அது.

படுத்த அரைமணிக்கெல்லாம், “ஏம்மா, ஸ்டவ்வை அணைச்ச மாதிரி ஒரு வாடை வருதே?” என்றார் அத்தை.

“பக்கத்து வண்டியாக இருக்கும், அம்மா. அந்தக் கிழவர் வந்ததிலிருந்து எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றார் இவர்.

அத்தையின் தலைக்கு நேர் மேலே, கூரையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அத்தை எழுந்து அதைத் திறந்து வைத்தார். நள்ளிரவில் குளிர் தாங்காமல் விழித்த நான், சத்தம் போடாமல் போய் அதை மூடினேன்.

காலையில் அத்தைக்குத் தலைவலி. கெட்டியாக ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். குழந்தையும் “எனக்கும் தலை ஒரு மாதிரியாக இருக்கு” என்றாள். பாட்டி சொன்னதைப் பேத்தி சொல்வது வழக்கம் என்று விட்டுவிட்டேன். எல்லோரும் ஏரிக்கரையில் நடந்தோம். ஒரு மணி நேரத்தில் அத்தைக்கு வலி இருந்த இடம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் இரவும் அதே வாடை, அதே ஜன்னல். அத்தை திறந்தார், நான் மூடினேன். விடியற்காலையில் கண் விழித்தபோது அது மறுபடி திறந்திருந்தது. ‘பிடிவாதம்!' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று காலை அத்தைக்குத் தலைவலியோடு வாந்தியும் வந்தது. நிற்கும்போது கால் தள்ளாடியது.

ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். முந்தின நாள் சாப்பிட்ட சீஸ் ரொட்டி என்றேன் நான். குளிர் என்றார் இவர். கடைசியில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட காரணம், வயசு! எந்த வியாதிக்கும் ஒட்டிவிடலாம் என்று வீடுகளில் தயாராக வைத்திருக்கிறோமே, அந்தச் சீட்டு.

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த வண்டியிலே ஏறினா வலிக்குது, இறங்கினா விட்டுடுது. எனக்கு வயசு வண்டிக்குள்ளே மட்டுமாடா ஆகுது?” என்று மகனைக் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் பிரசவ அறைக்குச் சூடு வேண்டுமென்று கரி போட்ட குமுட்டி அடுப்பைக் கொண்டு வைப்பார்கள். என் பாட்டி அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். யாராவது கதவைச் சாத்தப் போனால் கையிலே அடி விழும். “குமுட்டி உள்ளே இருந்தால் கதவு திறந்திருக்கணும்” என்பாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. அடிக்க மட்டும் தெரியும்.

அவள் சொல்லத் தெரியாமல் பயந்தது எதற்கு என்று இன்று நமக்குத் தெரியும். கரியோ, டீசலோ, காஸோ, போதிய காற்று இல்லாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. புகையில் வாடை அடித்தால் அது மற்ற கழிவுகளின் வாடை. கொல்லுகிற சரக்கு மௌனமாகத்தான் வரும். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு இது ஒட்டிக்கொள்ளும் நாட்டம், பிராணவாயுவைப் போல 200 மடங்குக்கும் அதிகம். பஸ்ஸில் ஏறி எல்லா இடத்தையும் துண்டு போட்டுப் பிடித்துவிடும் ஆசாமி மாதிரி! பிராணவாயு நிற்க இடமில்லாமல் திரும்பிப் போகிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தள்ளாட்டம், தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுந்திருப்பதே இல்லை. ஜுரம் வரப் போகிறது என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ பலர் ஏமாந்து போவது இதனால்தான்.

“இதற்கென்று ஒரு எச்சரிக்கை மணி நம் வண்டியில் இருந்ததே, எங்கே?” என்று கேட்டேன்.

இவர் முகம் மாறியது. மேஜை டிராயரைத் திறந்தார். ஸ்பூன்களுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே அது கிடந்தது. கோடைகாலத்தில் அது நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘கீச்' என்று கத்திக்கொண்டிருந்ததாம். பாட்டரி போயிற்று என்று நினைத்து எடுத்து உள்ளே போட்டுவிட்டாராம். திருப்பிப் பார்த்தோம். அதன் ஆயுளே முடிந்துவிட்டது என்று முதுகில் அச்சடித்த தேதி சொன்னது. இந்த மணிகளுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம்தான் ஆயுள். ‘என்னை மாற்று' என்று அது கதறியிருக்கிறது, நாங்கள் வாயை மூடி வைத்துவிட்டோம்.

ஊருக்குள் போய் ஒரு இரும்புக் கடையில் புது மணி வாங்கினேன். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு இந்த வாயு எத்தனை பங்கு என்று எண் காட்டுகிற ரகம். 50க்கு மேல் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நீடித்தால் அலறும். 100 ஆனால் பத்திலிருந்து நாற்பது நிமிஷத்துக்குள் அலறும். 300 என்றால் மூன்றே நிமிஷம்.

அன்று மாலை ஒரு பரீட்சை வைத்தோம். அத்தையையும் குழந்தையையும் பக்கத்து வண்டிக்கு அனுப்பினோம். இவர் வீண் பழி சுமத்தினாரே, அதே கிழவரின் வண்டிதான். அவரும் அவர் மனைவியும் ஷெஃபீல்டு நகரத்துக்காரர்கள். தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். நாங்கள் புது மணியை அத்தையின் தலையணையில் எண் வெளியே தெரியும்படி சாய்த்து வைத்தோம். எல்லா ஜன்னல்களையும் மூடினோம். ஹீட்டரைப் போட்டோம். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச் விளக்கோடு ஜன்னல் கண்ணாடி அருகில் நின்றோம். புதுமணத் தம்பதிகள் நிலவு பார்ப்பதுபோல் இருந்திருக்கும், பார்த்தவர்களுக்கு.

இருபது நிமிஷம் கழித்து எண் 38. இவர், “இதெல்லாம் ஒன்றுமில்லை” என்றார். இன்னும் சிறிது நேரத்தில் 74. இவர் பேசவில்லை. பிறகு 100ஐத் தாண்டியது. திடீரென்று அந்தச் சின்னப் பெட்டி அலறிற்று. மைதானம் முழுவதும் கேட்டிருக்கும். இவர் கதவை விரியத் திறந்து, வாசலில் நின்றபடியே கையை நீட்டித் திருகை அணைத்தார். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

என் கண் மட்டும் தலையணையை விட்டு அகலவில்லை. இரண்டு இரவு அந்தத் தலையணையில் இருந்தது ஒரு தலை. அதற்கு மேலே இருந்த ஜன்னலை அத்தை திறந்திருக்காவிட்டால்? மூடிய கை என்னுடையது. மூன்று அடி தள்ளி என் குழந்தை படுத்திருந்தாள்.

பக்கத்துக் கிழவர் தம் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் நாடி, இதயம், ரத்தம் எல்லாம் பார்த்தார். நல்ல காற்றில் இருந்தால் இந்த வாயு நாலைந்து மணிக்கு ஒரு தடவை பாதிப் பாதியாகக் குறையுமாம். முகமூடி வழியே சுத்தமான பிராணவாயு கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வெளியேறுமாம். பகல் முழுவதும் ஏரிக்காற்றில் இருந்ததால் இருவர் உடம்பிலும் அநேகமாக மிச்சமில்லை. “இந்த அம்மாள் ஜன்னலைத் திறந்தது நல்லதாயிற்று” என்றார் டாக்டர். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். என் குரல் சரியாக வரவில்லை.

அத்தை என் கையைத் தட்டிக்கொடுத்து, “உனக்குக் குளிருச்சு, மூடினே. எனக்கு மூச்சு முட்டுச்சு, திறந்தேன். இதுக்கு ஏன் அழறே?” என்றார்.

வழியில் ஷெஃபீல்டுக்காரர் ஒரு கதை சொன்னார். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்று ஒரு விஞ்ஞானி. வேல்ஸில் 1896ல் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வெடித்தபோது இறந்தவர்களை ஆராய்ந்து, பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, இந்த வாயுதான் என்று கண்டவர். மனிதர்களுக்கு முன்னால் சின்னப் பிராணிகள் மயங்கிவிடும் என்பதால், சுரங்கத்துக்குள் அவற்றைக் கூட எடுத்துப் போகச் சொன்னார். கூண்டிலே கானரிக் குருவிகள் போயின. பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுப்பதென்று முடிவானது 1986ல்தான்.

“அப்போ இந்த வண்டியிலே நான்தான் குருவியா?” என்றார் அத்தை. அந்த மூன்று நாட்களில் இவர் சிரித்தது அப்போதுதான்.

அன்றிரவு ஹீட்டரைத் தொடவில்லை. மைதானத்து மின்சாரத்தில் ஒரு சின்ன மின் அடுப்பை வைத்துக் குளிரைச் சமாளித்தோம். விடிந்ததும் வைத்தியம் தொடங்கியது.

வண்டியின் முன் சக்கரங்களைச் சரிவான கட்டைகளில் ஏற்றி நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்தார்கள். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது என்றார் கிழவர். ஹீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கினார்கள். பிறகு இரண்டு பேரும் பாயை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன்.

ஹீட்டரிலிருந்து தரையைத் துளைத்துக்கொண்டு கீழே வரும் குழாய், விரற்கடைக்குச் சற்று மேல் குறுக்களவு, 24 மில்லிமீட்டர். மடிப்பு மடிப்பாக, வளையக்கூடிய ரகம். பாதி வழியில் அதைத் தாங்கிய பட்டை அறுந்து, குழாய் ஊஞ்சல் மாதிரித் தொங்கியது. ஸ்குரு டிரைவரின் நுனியால் கிழவர் மெதுவாகத் தொட்டார். பொல பொலவென்று உதிர்ந்தது. மேல் முனையில், தரைக்கு நாலு விரல் கீழே, சல்லடைக் கண்கள்.

“எவர்சில்வர் என்றீர்களே? எவர்சில்வர் துருப்பிடிக்குமா?” என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், கிழவர் குஷியாகிவிட்டார். வாழ்நாள் முழுவதும் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். நாம் எவர்சில்வர் என்கிற எஃகை 1913ல் ஹாரி பிரியர்லி என்பவர் உருவாக்கியது அவருடைய ஊரில்தானாம். துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமலிருக்க வழி தேடியபோது கிடைத்தது அது. இரும்போடு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் சேர்ந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. அந்தத் தோலுக்கு ஒரு சத்துரு உண்டு, அது உப்பு.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். விஷயத்தைத் தமிழில் சொன்னேன்.

“இதைச் சொல்ல வெள்ளைக்காரர் வேணுமா? ஊறுகாயை எவர்சில்வர்லே வைக்காதே, ஜாடியிலே வைன்னு உனக்குக் கல்யாணமான புதுசிலேயே சொன்னேனே!” என்றார் அத்தை.

சொன்னார். நானும் கேட்காமல் வைத்து, அடியில் குண்டூசித் துளைகள் விழுந்த டப்பா ஒன்றைத் தூக்கி எறிந்திருக்கிறேன். குழாய்க்கு நேர்ந்ததும் அந்த ஊறுகாய்க் கதைதான். இங்கே குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்கக் கல்லுப்பைத் தூவுகிறார்கள். அதற்கென்றே செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. சக்கரம் வாரி அடிக்கும் அந்த உப்புச் சேறு வெளியிலிருந்து தின்றது. உள்ளேயிருந்து தின்றது தண்ணீர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் அது, சாதப் பானை மூடியில் வியர்க்கிற மாதிரி வியர்த்து, புகையின் புளிப்பையும் சேர்த்துக்கொண்டு ஓடும். சரிவாக இருந்தால் வெளியே வடிந்துவிடும். எங்கள் குழாய் தொங்கியதால் பள்ளத்தில் தேங்கிற்று. தண்ணீர் வடிய விட்டிருந்த சிறு துளையையும் துருவும் கரியும் அடைத்துவிட்டன. புகை போக வழி குறுகியதும் அடுப்பு மூச்சுத் திணறி அரைகுறையாக எரிந்தது. விஷ வாயு பெருகியது. சல்லடைக் கண் வழியே கசிந்து, ஹீட்டருக்கு அடியில் நைந்து போயிருந்த ரப்பர் விளிம்பின் இடுக்கில் நுழைந்து, அத்தையின் கட்டிலுக்கு வந்துவிட்டது.

காரணம் தெரிந்ததும் இவர் ஓடிப் போய் ஒரு டப்பா பசையும், ஒரு சுருள் நாடாவும் வாங்கி வந்தார். குழாயின் மேல் சுற்றிப் பூசினால் கல்லாகிவிடுமாம். “அரைமணி வேலை!” என்றார்.

கிழவர் தலையை ஆட்டினார். அவர் சொல்வதற்குள் அத்தை, “ஓட்டைக் குடத்துக்கு ஈயம் வெச்சு அடைக்கலாம். சல்லடைக்கு எங்கேடா அடைப்பே? இதுக்குப் பக்கத்திலே தூங்கப் போறது உன் பொண்ணு” என்றார்.

நாடா கடைக்குத் திரும்பிப் போயிற்று. அதற்குப் பதிலாகப் புதுக் குழாய், புது சைலன்ஸர், புதுக் கிளாம்புகள், ஹீட்டருக்கு அடியில் போடும் புது விளிம்பு எல்லாம் வந்தன.

பழைய கிளாம்பின் ஸ்குருக்கள் துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டிருந்தன. பலம் போட்டுத் திருகினால் ஹீட்டரிலிருந்து வரும் மூக்கு உடைந்துவிடும். அது உடைந்தால் ஹீட்டரே போயிற்று. துரு நீக்கும் எண்ணெயை விட்டு, ஊறட்டும் என்று ஒரு தேநீர். மறுபடி விட்டு இன்னொரு தேநீர். இரண்டு ஸ்குரு கழன்றது. மூன்றாவது மசியவில்லை. ஹாக்ஸா பிளேடால் கிளாம்பை மட்டும் அறுத்தார்கள். மூக்கில் ஒரு கீறல் இல்லை. பொறுமை பலத்தைவிடப் பெரியது என்று தையல் பிரிக்கிற நமக்குத் தெரியும். ஆண்பிள்ளைகள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

ஹீட்டரைத் தூக்கிப் புது விளிம்பை வைத்தார்கள். புதுக் குழாயைச் சட்டென்று மடிக்காமல் பதமாக வளைத்து, ஹீட்டரிலிருந்து வெளிவாய் வரையில் எங்கும் பள்ளமில்லாத சரிவாகக் கொண்டுபோனார்கள். அரை மீட்டருக்கு ஒரு பட்டை தாங்கியது. ஒயர் பக்கத்தில் போகும் இடத்தில், சூடு தாங்கும் உறையைப் போட்டார்கள். ஹீட்டர் ஓடும்போது அந்தக் குழாயில் கை பட்டால் வெந்துவிடும். மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடியும் துளை கீழ்நோக்கி இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார்கள். வெளிவாய் எந்த ஜன்னலுக்கும் அடியில் இல்லாமல், உள்ளே காற்றை இழுக்கும் வாயிலிருந்தும் விலகி இருந்தது.

மாலையில் மறுபடி பரீட்சை. அதே தலையணை, அதே மணி, அதே கம்பளி. இந்த முறை பார்வையாளர்கள் ஆறு பேர். இரண்டு மணி நேரம் நின்றோம். எண் 0. கிழவி அம்மாள் கை தட்டினாள்.

ஆனாலும் அன்றிரவு மின் அடுப்புத்தான். ஊர் திரும்பியதும் ஹீட்டர் வேலையே தொழிலாகக் கொண்ட ஒருவரை வரவழைத்து, உள்ளே படிந்த கரியைச் சுத்தம் செய்து, முழுவதும் சோதித்த பிறகே அதை நம்பினோம். அதுமுதல் குளிர்காலத்துக்கு முன் வருஷம் தவறாமல் ஒரு சோதனை. சாலையில் உப்பு இருக்கும் காலத்தில் வண்டியின் அடிப்புறத்துக்கு வெறும் தண்ணீரில் ஒரு குளியல்.

‘மோட்டார் ஹோம் எங்களுக்கு எதற்கு?' என்று புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. குளியலறையில் காஸ் கீசர் வைத்திருக்கிறீர்களா? ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்காதீர்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டவேண்டாம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போனால், குளிருகிறதென்று படுக்கையறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். என் பாட்டி வாசலில் உட்கார்ந்து கையில் அடித்தது இதற்காகத்தான்.

அத்தை மறு வருஷம் ஊருக்குத் திரும்பினார். போகும்போது பழைய குழாயிலிருந்து ஒரு சாண் துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். “எதற்கு, அம்மா?” என்றார் இவர். “உங்க அண்ணன் வீட்டிலே காட்டணும். ‘வயசு'ன்னு யாராவது சொன்னா எடுத்து முன்னாலே வைப்பேன்!” என்றார்.

இப்போதும் வாரம் ஒரு தடவை பேசும்போது எல்லோரையும் விசாரித்துவிட்டு, கடைசியில், “குழாய் சௌக்கியமா?” என்று கேட்கத் தவறுவதில்லை.

சௌக்கியம்தான். ஆனால் வண்டியில் ஹீட்டர் ஓடும் இரவுகளில் அந்தக் கூரை ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கும். எனக்குக் குளிரத்தான் குளிர்கிறது. எழுந்து போய் இன்னொரு கம்பளியை எடுத்துக்கொள்கிறேன்.